உயிருள்ளோர் கல்லீரல் கொடையை விரிவாக்குவது: எந்த வரம்பை நகர்த்தலாம், எதைத் தொடக் கூடாது?

#1 வேர்முனை

வணக்கம். "கொடையாளர் பற்றாக்குறை" என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். மூளைச்சாவுக் கொடைக்கு அது சரி. உயிருள்ளோர் கொடையில் நிலைமை வேறு. ஆள் வருகிறார்கள், பரிசோதனையில்தான் உதிர்ந்துபோகிறார்கள். தானாக முன்வருபவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அறுவை அரங்கு வரை போகிறார்கள்.

உதிர்வதற்கான காரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான்: ரத்தப் பிரிவு பொருந்தவில்லை, கொழுப்புக் கல்லீரல், எடுக்கும் துண்டு நோயாளிக்குப் போதாது, விட்டுவைக்கும் துண்டு கொடையாளருக்குப் போதாது, நாள அமைப்பு சிக்கல், மனம் மாறிவிட்டது. இதில் பாதி சரிசெய்யக்கூடியவை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது இங்கேதான்.

ஜப்பானில் நடக்கும் கல்லீரல் மாற்றில் பெரும்பங்கு உயிருள்ளோர் கொடை. கொரியா, இந்தியா, துருக்கியிலும் அப்படித்தான். அமெரிக்காவில் அது ஏறத்தாழ இருபதில் ஒன்று. உடற்கூறு எங்கும் ஒன்றுதான். வித்தியாசம் மூளைச்சாவு உறுப்பு எவ்வளவு கிடைக்கிறது என்பதிலும், மையங்களின் பழக்கத்திலும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நோயாளி பக்கத்து வரம்புகளை நகர்த்தலாம், கொடையாளர் பக்கத்து வரம்புகளை நகர்த்தக் கூடாது. ஒவ்வொரு காரணமாக எடுத்துப் பேசுவோம். படத்தட்டு, நீங்கள் அளவிலிருந்து தொடங்குங்களேன்.

#2 படத்தட்டு

தொடங்குகிறேன். முக்கட்ட சிடி எடுத்து, கல்லீரலின் ஓரத்தை வெட்டு வெட்டாக வரைந்து கன அளவு பார்க்கிறோம். பலர் சறுக்குவது அதற்கு அடுத்த படியில், அந்த எண்ணை வைத்து என்ன செய்கிறோம் என்பதில்.

ஒரு உதாரணம். மொத்தக் கல்லீரல் 1100 மி.லி. வலது மடல் 700, மீதி 400. கொடையாளரிடம் மிஞ்சுவது 36%. 30-க்கு மேல், முதல் கேள்வி தாண்டியது. அடுத்து நோயாளி. சிடி காட்டும் 700 என்பது ரத்தம் நிறைந்த கல்லீரலின் அளவு. வெளியே எடுத்துக் கழுவித் தராசில் வைத்தால் சுமார் 10% குறையும். 630 கிராம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் எடை 72 கிலோ என்று கேஸ் ஷீட் சொல்கிறது. கிராஃப்ட்டுக்கும் (நோயாளிக்கு வைக்கும் துண்டு) உடல் எடைக்கும் உள்ள விகிதம், அதாவது ஜிஆர்டபிள்யூஆர், சதவீதத்தில் 0.88. வழக்கமாகக் கேட்பது 0.8.

ஆனால் அந்த 72-ல் 10 கிலோ வயிற்றுநீர். உலர் எடை 62. அப்போது விகிதம் 1.02. இதைக் கவனிக்காமல் "எல்லைக்கோட்டு கேஸ்" என்று தள்ளிப்போட்ட கோப்புகள் எல்லா மையத்திலும் இருக்கும். தலைகீழாகவும் நடக்கும்: 10% கழிக்க மறந்து 0.85 என்று எழுதிவிட்டு, அரங்கில் தராசு 0.76 காட்டியதும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது.

இதே கொடையாளரின் இடது மடலை எடுத்தால் 360 கிராம், விகிதம் 0.58. கொடையாளரிடம் 64% மிஞ்சும். அவருக்கு சொகுசு, நோயாளிக்கு இழுபறி. விவாதம் முழுக்க இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான்.

#3 நைட்டூட்டி

சார், ஒரு சந்தேகம். 25 வயசுப் பையன், கொழுப்பே இல்ல, மொத்தம் 1000, வலது 720. மிஞ்சுறது 28%. எல்லாரும் 30 கேக்குறாங்க. இளவயசுக்கு 28 விட்டா என்ன? புற்றுநோய் அறுவையில 25 விட்டே வெட்டுறோமே?

#4 வேர்முனை

தம்பி, கேள்வி நியாயமானது. ஆனால் அந்த ஒப்பீடு தவறு. புற்றுநோய்க்காரருக்கு வெட்டாவிட்டால் உயிர் போகும். அதனால் அந்த ஆபத்தை ஏற்கிறார். கொடையாளர் நோயே இல்லாமல் மேசையில் படுக்கிறார். அவருக்கு உடம்பளவில் ஒரு நன்மையும் இல்லை.

இன்னொன்று, 28 என்பது படத்தில் உள்ள 28. வெட்டுக்கோடு சற்றுத் தள்ளினால் 26. நடுச்சிரையை (கல்லீரலின் நடுவில் ஓடும் வடிகால் சிரை) கிராஃப்ட்டோடு எடுத்தால் கொடையாளரின் நான்காம் பகுதியில் (கல்லீரலை எட்டுப் பகுதியாக எண்ணுகிறோம்) ரத்தம் வடியாமல் தேங்கும். படத்தில் இருக்கும், வேலை செய்யாது. கொஞ்சம் கொழுப்பு இருந்து அது படத்தில் தப்பியிருந்தால் அதையும் கழிக்க வேண்டும். 30 என்பது இத்தனை பிழைகளுக்கும் இடம் விட்டு வைத்த எண். 50 வயதைத் தாண்டினாலோ லேசான கொழுப்பு இருந்தாலோ பல மையங்கள் 35 கேட்கின்றன. நானும் அந்தக் கட்சிதான்.

மரண ஆபத்தைக் கொடையாளரிடம் சொல்லும்போது வலது மடலுக்கு 200-ல் 1 முதல் 500-ல் 1 வரை என்றும், இடதுக்கு 1000-ல் 1 அளவில் என்றும் சொல்வது வழக்கம். சிக்கல்கள் வேறு கணக்கு. அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து நடத்திய ஏ2ஏஎல்எல் ஆய்வில் ஏறத்தாழ 40% கொடையாளர்களுக்கு ஏதோ ஒரு சிக்கல் பதிவானது. பெரும்பாலும் சிறியவை. ஆனாலும் நாற்பது நாற்பதுதான்.

உங்கள் பையனை அதோடு நிராகரிக்க வேண்டாம். அவருடைய இடது மடல் 250 கிராம் வரும். 40 கிலோ நோயாளி யாராவது இருந்தால் 0.63. ஸ்வாப், அதாவது இரண்டு குடும்பங்கள் கொடையாளரை மாற்றிக்கொள்வது பற்றிப் பேசும்போது இவரை நினைவில் வையுங்கள்.

#5 ஒருங்கிணைப்பாளர்_மேசை

பரிசோதனையின் வரிசை பற்றி ஒரு வார்த்தை. வரிசை தப்பினாலும் கொடையாளர் போய்விடுவார்.

முதல் நாள்: ரத்தப் பிரிவு, உயரம் எடை, வயது, பழைய நோய், ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி, கல்லீரல் பரிசோதனைகள். பெரும்பாலான மையங்களில் வயது 18 முதல் 55, பிஎம்ஐ 30-க்குள். சில மையங்கள் 35 வரை பார்க்கின்றன. இவை சில மணி நேர வேலை. இதில் நிற்காதவரை சிடிக்கு அனுப்புவது வீண் கதிர்வீச்சு.

இரண்டாம் கட்டம்: சிடி, எம்ஆர்சிபி (பித்தநாளத்தைக் காட்டும் எம்ஆர்ஐ), எம்ஆர்ஐ கொழுப்பு அளவு. மூன்றாவது: இதயம், நுரையீரல், ரத்தம் உறையும் தன்மை, மனநல மருத்துவர். ரத்த உறைவுக்கான பரம்பரைக் காரணிகளைப் பார்க்காமல் விடக் கூடாது. கொடையாளர் மரணங்களில் நுரையீரல் தமனியில் உறைகட்டி அடைப்பதும் ஒரு காரணம். கருத்தடை மாத்திரையை 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். புகையும் அப்படியே.

நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் கொடையாளருக்கு ஒப்புதல் தரக் கூடாது. கொடையாளருக்குத் தனி மருத்துவர், தனி ஆலோசகர். முதல் சம்மதத்துக்கும் அறுவைக்கும் நடுவில் யோசிக்க அவகாசம். திடீர்க் கல்லீரல் செயலிழப்பில் இந்த எல்லாமே 24 முதல் 48 மணி நேரத்துக்குள் சுருங்கும். அந்த அவசரத்திலும் தனி அறையில், குடும்பத்தார் இல்லாமல், "வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறீர்களா?" என்று ஒருமுறை கேட்டே ஆக வேண்டும்.

வேண்டாம் என்றால், வீட்டாருக்குப் போகும் பதில் "மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை" என்பது மட்டும்தான். காரணம் சொல்வதில்லை. உண்மையாகவே பொருந்தாதவர்களுக்கும் இதே வாசகம்தான் போக வேண்டும். ஒருவருக்கு விளக்கமும் இன்னொருவருக்கு ஒற்றை வரியும் போனால், ஒற்றை வரி வந்தவர் பின்வாங்கியவர் என்று உறவுக்காரர்கள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

#6 மஞ்சள்கண்

கொழுப்புக்கு வருகிறேன். சரிசெய்யக்கூடிய காரணங்களில் முதலிடம் இதற்குத்தான்.

சாதாரண சிடியில் கல்லீரலின் அடர்த்தி எண்ணிலிருந்து மண்ணீரலின் எண்ணைக் கழியுங்கள். 5-க்கு மேல் கூடுதலாக இருந்தால் கொழுப்பு பெரும்பாலும் அற்பம். மைனஸ் 10-க்குக் கீழே போனால் 30%-ஐத் தாண்டியிருக்கும் என்று சந்தேகப்படலாம். நடுவில் இருப்பவர்களுக்கு எம்ஆர்ஐ. 10% வரை கவலை இல்லை. 10 முதல் 30 வரை வயது, மீதி அளவு பார்த்து முடிவு. 30-க்கு மேல் இப்போதைக்கு இல்லை.

"இப்போதைக்கு" என்ற சொல்தான் முக்கியம். நாளுக்கு 800 முதல் 1200 கலோரி, புரதம் குறையாமல், தினம் வேக நடை, 4 முதல் 8 வாரம். எடையில் 5 முதல் 10% இறங்கினால் கல்லீரல் கொழுப்பு அதைவிட வேகமாக இறங்கும். திரும்ப எம்ஆர்ஐ. நோயாளியின் நிலை காத்திருக்க இடம் கொடுத்தால் இவர்களில் கணிசமானவர்கள் கொடையாளராகத் திரும்பி வருகிறார்கள். நிராகரிப்புக் கடிதத்தை அச்சடிக்கும் முன் உணவுத் தாளை அச்சடியுங்கள்.

எங்கே பிசகும்? மூன்று இடம். பட்டினி கிடந்து ஒரே வாரத்தில் எடை இறக்குபவர்: தசை கரையும், கல்லீரலில் சத்து இருப்பு இருக்காது, அறுவைக்குப் பின் மீட்சி மந்தமாகும். இரண்டாவது, படம் கொழுப்பைக் காட்டும், அழற்சியைக் காட்டாது. ஏஎல்டி (கல்லீரல் நொதி) கூடுதலாக, சர்க்கரை எல்லைக்கோட்டில், இடுப்பு பெருத்திருந்தால் பயாப்சி எடுக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஜப்பானில் 2003-ல் நேர்ந்த முதல் கொடையாளர் மரணத்தில், கொடையாளருக்குக் கொழுப்பழற்சி இருந்தது. மூன்றாவது, இறக்கிய எடை அறுவைத் தேதி தள்ளிப்போனதும் ஏறிவிடும். அறுவைக்கு முந்தைய வாரம் மறுபடி எடை பாருங்கள்.

#7 இடதுமடல்

படத்தட்டு காட்டிய 0.58-ஐயும் 1.02-ஐயும் பிடித்துக்கொள்கிறேன். 0.8 என்ற கோடு பலருக்கு வேதவாக்கு. உண்மையில் சிறிய கிராஃப்ட்டைக் கெடுப்பது அதன் சின்ன அளவு மட்டுமில்லை, அதற்குள் பாயும் போர்ட்டல் ரத்தமும் (குடல், மண்ணீரலிலிருந்து கல்லீரலுக்கு வருவது)தான். சிரோசிஸ்காரரின் வீங்கிய மண்ணீரலும் குடலும் அனுப்பும் வெள்ளம் முழுவதும், 360 கிராம் துண்டுக்குள் திடீரென்று பாய்கிறது. நுண்குழாய்ச் சுவர் கிழியும். அதைச் சமாளிக்க கல்லீரல் தமனி சுருங்கும், தமனி சுருங்கினால் பித்தநாளத்துக்கு ரத்தம் குறையும். அதன்பின் மஞ்சள் காமாலை, வயிற்றுநீர், தொற்று.

அரங்கில் வரிசை இப்படி. முதலில் வெளிப்போக்கு: கல்லீரல் சிரை இணைப்பு அகலமாக, முறுக்கில்லாமல். வெளியேற வழி இல்லாமல் உள்வரவைக் குறைத்துப் பயனில்லை. ரத்தம் திறந்து விட்டபின் போர்ட்டல் அழுத்தமும் ஓட்டமும் அளவிடுங்கள். அழுத்தம் 15 மிமீ பாதரசத்துக்குக் கீழே, ஓட்டம் 100 கிராம் கிராஃப்ட்டுக்கு நிமிடத்துக்கு 250 மி.லி.-க்குக் கீழே. அதைத் தாண்டினால் மண்ணீரல் தமனியைக் கட்டுங்கள், 10 நிமிடம் பொறுத்து மறுபடி அளவிடுங்கள். பலருக்கு இதுவே போதும். போதாவிட்டால் மண்ணீரல் நீக்கம், அல்லது போர்ட்டல் ரத்தத்தில் ஒரு பங்கைப் பெருஞ்சிரைக்குத் திருப்பும் ஷன்ட்.

இவ்வளவு செய்தால் 0.6 வரை இறங்கலாம். 0.58-ஐ நானும் எடுக்க மாட்டேன். ஆனால் 0.65 உள்ள இடது மடல் இருக்கும்போது 0.8-ஐப் பிடித்துக்கொண்டு வலது மடலுக்குப் போவது, ஆபத்தை நோயாளியிடமிருந்து எடுத்துக் கொடையாளர் தலையில் வைப்பது.

எச்சரிக்கை ஒன்று: ஓட்டத்தை அளவுக்கு மேல் குறைத்தால் போர்ட்டல் சிரை உறையும். பழைய பக்கவழிச் சிரைகள் பெரிதாக இருந்தால் ரத்தத்தைத் திருடிக்கொண்டு போகும், அதையும் கட்ட வேண்டும். மண்ணீரலை எடுத்தால் உறைவு, கணைய வால் கசிவு, பிற்காலத் தொற்று எல்லாம் கூடவே வரும். முன்பே நிமோகாக்கஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

#8 ஏன்_எதற்கு

இடதுமடல் சார், உங்கள் 0.65 யாருக்கு? மெல்ட் (கல்லீரல் நோயின் கடுமையைக் காட்டும் மதிப்பெண்) 15-ல் நடந்து வரும் நோயாளிக்கா, மெல்ட் 32-ல் ஐசியுவில் டயாலிசிஸோடு இருப்பவருக்கா? இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் படிக்கிற புது ஆள் இரண்டாமவருக்கும் போடுவார். பிறகு 14-ம் நாள் பிலிருபின் 10-க்கு மேல், வடிகுழாயில் தினம் ஒரு லிட்டருக்கு மேல் நீர் என்று வந்து நிற்பார்.

#9 இடதுமடல்

ஒப்புக்கொள்கிறேன், எழுதியிருக்க வேண்டும். சிறிய கிராஃப்ட் என்றால் கொடையாளர் வயது 45-க்குள், கொழுப்பு இல்லை, நோயாளி மெல்ட் தோராயமாக 20-க்குள், வலுவான போர்ட்டல் அழுத்தக் கட்டுப்பாடு. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் 0.8-க்கு மேல் போங்கள். மெல்ட் 32-க்கு 1.0 இருந்தாலும் நான் யோசிப்பேன்.

இரண்டு கொடையாளர்களிடமிருந்து ஆளுக்கு ஒரு இடது மடல் எடுத்து ஒரே நோயாளிக்கு வைக்கும் முறை 2000-லேயே சியோலின் ஆசான் மையத்தில் தொடங்கியது. கணக்குக்கு அழகாக இருக்கும். ஆனால் ஒரு நோயாளிக்காக இரண்டு ஆரோக்கியமான வயிறுகளைத் திறக்கிறோம். அரிதான கேஸுக்கு மட்டும்.

#10 பிளாஸ்மா

ரத்தப் பிரிவு பொருந்தாதவர்களுக்கு இப்போது இரண்டு வழி. ஒன்று பொருந்தாமலே செய்வது, மற்றது மாற்றிக்கொள்வது.

பொருந்தாமல் செய்வதென்றால் நோயாளிக்கு ரிட்டுக்ஸிமாப் (எதிர்ப்பொருளுக்கு மூலமான பி செல்களை அழிக்கும் மருந்து), உடல் பரப்பு சதுர மீட்டருக்கு 375 மி.கி., அறுவைக்கு 2 முதல் 3 வாரம் முன்பு. சில மையங்கள் குறைவான டோஸ் தருகின்றன. இந்த இடைவெளி பி செல்கள் இறங்குவதற்காக. முந்தின நாள் கொடுத்துவிட்டுப் பலன் எதிர்பார்க்கக் கூடாது. பிறகு பிளாஸ்மா மாற்று, டைட்டர் (ரத்தப் பிரிவு எதிர்ப்பொருளின் அளவு) மையத்தின் இலக்குக்கு வரும்வரை. இலக்கு பொதுவாக 1:8 முதல் 1:32-க்குள். மாற்றாக ஏறும் பிளாஸ்மா ஏபி பிரிவாக இருக்கட்டும், நீங்கள் எடுக்கிற எதிர்ப்பொருளையே பையிலிருந்து திரும்ப ஏற்றாதிருக்க. டைட்டர் ஒவ்வொரு ஆய்வகத்திலும் ஒவ்வொரு எண் வரும். குழாய் முறையில் 1:64 என்றது ஜெல் முறையில் ஓரிரு படி மேலே போகும். ஒரே ஆய்வகம், ஒரே முறை, ஐஜிஜி, ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் வகை இரண்டும்.

பயப்பட வேண்டியது உடனடி நிராகரிப்பை விட, சில மாதம் கழித்து கல்லீரலுக்குள்ளேயே பித்தநாளங்கள் பரவலாகச் சுருங்குவது. ஒரு இடத்தில் சுருங்கினால் ஸ்டென்ட் போடலாம். நாள மரம் முழுக்கச் சுருங்கினால் மறு மாற்றுதான். ரிட்டுக்ஸிமாப் வந்த பிறகு இது வெகுவாகக் குறைந்தது, மறையவில்லை. ஒரு வயதுக்குள் குழந்தைகளுக்கு எதிர்ப்பொருளே குறைவு, அவர்களுக்குப் பொருந்தாத கிராஃப்ட் நன்றாக ஓடும். திடீர்ச் செயலிழப்பு உள்ள பெரியவருக்கு இரண்டு வாரம் கிடையாது, அங்கே இது கடைசி வழி.

இரண்டாவது ஸ்வாப். ஏ நோயாளிக்கு பி கொடையாளர், பி நோயாளிக்கு ஏ கொடையாளர்: மாற்றிக்கொண்டால் இருவருக்கும் பொருந்தும். கொரியாவில் 2003-லிருந்து நடக்கிறது. சிறுநீரக ஸ்வாப்பை விட இது கடினம், ஏனென்றால் ரத்தப் பிரிவோடு அளவும் பொருந்த வேண்டும். ஆனால் அதுவே வரமும் கூட. பிரிவு பொருந்தியும் அளவு போதாத ஜோடி, அளவு இருந்தும் பிரிவு பொருந்தாத ஜோடியோடு சேரலாம். #3-ல் நைட்டூட்டி சொன்ன பையன் இப்படித்தான் உள்ளே வருவார்.

#11 நைட்டூட்டி

ஸ்வாப்ல நாலு தியேட்டர் ஒரே நேரத்துல ஓடணும்னு சொல்றாங்க. ஆள் பத்தாத இடத்துல ஒரு ஜோடி இன்னைக்கு, ஒரு ஜோடி நாளைக்குன்னு செய்யலாமா மேடம்?

#12 பிளாஸ்மா

முதல் ஜோடி முடிந்த இரவில் இரண்டாவது கொடையாளர் மனம் மாறினால் என்ன செய்வீர்கள்? அவரைக் கட்டாயப்படுத்த முடியாது, கூடாது. முதல் கொடையாளரின் துண்டு ஏற்கெனவே அந்நியர் உடலில். அவருடைய சொந்தக்காரர் வெறும் கையோடு. அதனால்தான் ஒரே நேரம்.

ஒரே நேரம் என்றாலும் தோலைக் கீறும் நேரம் மட்டும் ஒன்றாக இருந்து பயனில்லை. இரு கொடையாளர்களுக்கும் வயிற்றைத் திறந்து, கல்லீரலைப் பார்த்து, நாளப் படம் எடுத்து, "போகலாம்" என்று இரண்டு அரங்கும் தொலைபேசியில் உறுதி செய்த பிறகே எந்த அரங்கிலும் திரும்ப முடியாத வெட்டு. ஒரு பக்கம் எதிர்பாராத கொழுப்போ நாளமோ தெரிந்தால் இரு பக்கமும் மூடுகிறோம்.

சமமின்மையும் பேசியாக வேண்டும். ஓ பிரிவுக் கொடையாளர் தம் உறவுக்கு நேராகவே கொடுக்கக்கூடியவர். அவர் ஸ்வாப்புக்கு வந்தால் அவர் குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது? பெரிய கிராஃப்ட், இளைய கொடையாளர், நல்ல நாள அமைப்பு என்று ஏதாவது ஆதாயம் தெளிவாக இருக்க வேண்டும். வெறும் நல்லெண்ணத்தின் பேரில் அழுத்தக் கூடாது.

#13 வேர்முனை

நாள அமைப்பு. கொடையாளரை நிராகரிக்கவும், சேர்த்த கொடையாளரைச் சிக்கலில் மாட்டவும் பித்தநாளத்தைப் போல வேறு எதுவும் இல்லை.

வலது பின் நாளம் இடது நாளத்தில் போய்ச் சேரும் அமைப்பு அரிதில்லை. அது தெரியாமல் வெட்டினால் கிராஃப்ட்டில் இரண்டு வாய், அல்லது கொடையாளரின் நாளமே காயம். எம்ஆர்சிபி பார்த்தாலும் அரங்கில் நாளப் படம் எடுக்கிறோம். பித்தப்பைக் குழாய் வழியாக மெல்லிய கதீட்டர், மை செலுத்தி, வெட்ட நினைக்கும் இடத்தில் உலோகக் கிளிப் ஒன்றை வைத்து எக்ஸ்ரே. எக்ஸ்ரே கருவியின் தலையைச் சற்றுச் சாய்த்தும் ஒரு படம், ஏனென்றால் முன்பின் நாளங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து ஒரே கோடாக ஏமாற்றும். கிளிப்பிலிருந்து பிரிவு வரை 2, 3 மி.மீ. கொடையாளர் பக்கம் விட்டு வெட்டுகிறோம். ஒட்டி வெட்டினால் ஒரே வாய் கிடைக்கும், நோயாளிக்கு லாபம். ஆனால் கொடையாளரின் நாளத்தைத் தைக்கும்போது குறுகிவிடும். அந்த 2 மி.மீ.-க்காக நோயாளியின் கிராஃப்ட்டில் இரண்டு வாய் வந்தால் வரட்டும்.

நாளத்தைச் சுற்றிய திசுவை உரிக்காதீர்கள். அதில்தான் அதற்கான நுண் ரத்தநாளம் ஓடுகிறது. உரித்துப் பளபளவென்று வைத்தால் படத்துக்கு அழகு, மூன்று மாதத்தில் சுருக்கம். நோயாளிகளில் பித்தச் சிக்கல் 15 முதல் 30% வரை வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாவித்துளை அறுவை பற்றிக் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். இடது பக்கப் பகுதியை, அதாவது 2, 3-ம் துண்டுகளைக் குழந்தைகளுக்காக லேப்பராஸ்கோப்பியில் எடுப்பது 2002-ல் பாரிஸில் தொடங்கி இன்று அனுபவமுள்ள மையங்களில் வழக்கம். வலது மடல் லேப்பராஸ்கோப்பியிலும் ரோபோவிலும் கொரியா, சவூதி போன்ற இடங்களில் பெரும் எண்ணிக்கையில் நடக்கிறது. தழும்பும் வலியும் குறையும், கொடையாளர் வரத் தயங்குவது குறையும். ஆனால் திறந்த முறையில் கை பழகாத குழு நேராக அதில் குதித்தால், கற்றுக்கொள்ளும் காலத்துச் சிக்கலெல்லாம் ஆரோக்கியமானவர் கணக்கில் ஏறும்.

#14 மஞ்சள்கண்

யாருக்குச் செய்வது என்பதிலும் விரிவு இருக்கிறது. மூளைச்சாவுப் பட்டியலில் மெல்ட் 15-க்குக் கீழே மாற்று நன்மை தராது என்பது பழைய கணக்கு. அமெரிக்கத் தரவை வைத்து 2022-ல் வந்த ஆய்வு உயிருள்ளோர் கொடையில் மெல்ட்-சோடியம் (ரத்தச் சோடியத்தையும் சேர்த்த மெல்ட்) 11 முதலே ஆயுள் கூடுவதைக் காட்டியது. காரணம் எளிது: எண் குறைவாக இருந்தும் திரும்பத் திரும்ப வயிற்றுநீர், அரிப்பு, மூளை மந்தம், பித்தநாளத் தொற்று என்று அவதிப்படுபவர்கள் பட்டியலில் எப்போதும் கடைசி. அவர்களுக்கு வரிசை இல்லாத உறுப்பு இது.

கல்லீரல் புற்றுநோயிலும் அப்படியே. மிலான் அளவுகோல் 1996-லிருந்து: ஒரே கட்டி 5 செ.மீ. வரை, அல்லது மூன்று கட்டி வரை, ஒவ்வொன்றும் 3 செ.மீ.-க்குள். ஜப்பானில் 5-5-500 என்று விரித்தார்கள்: 5 செ.மீ. வரை, 5 கட்டி வரை, ஏஎஃப்பி (ரத்தத்தில் கட்டியைக் காட்டும் புரதம்) 500 வரை. நான் கட்டியின் எண்ணிக்கையை விட அதன் நடத்தையைப் பார்ப்பேன். கட்டிக்குச் சிகிச்சை கொடுத்து மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள். ஏஎஃப்பி ஏறிக்கொண்டே போனால், கொடையாளர் தயாராக நின்றாலும், வேண்டாம். கொடையாளர் தயாராக இருப்பதே அவசரத்துக்குக் காரணமாகிவிடுவதுதான் இந்த முறையின் பெரிய பலவீனம்.

பெருங்குடல் புற்று கல்லீரலுக்கு மட்டும் பரவி, வெட்ட முடியாதவர்களுக்கும் கதவு திறக்கிறது. 2024-ல் வெளியான டிரான்ஸ்மெட் சோதனையில் மாற்றும் கீமோவும் என ஒதுக்கப்பட்டவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 56.6%, கீமோ மட்டும் என ஒதுக்கப்பட்டவர்களில் 12.6%. ஆனால் அதில் இருந்தவர்கள் கறாராக வடிகட்டப்பட்டவர்கள்.

#15 ஏன்_எதற்கு

இங்கே ஒரு முள். பட்டியல் விதிக்கு வெளியே உள்ள நோயாளிக்கு உறவினர் மடல் கொடுக்கிறார். மூன்றாம் நாள் கல்லீரல் தமனி அடைத்துக்கொள்கிறது. இப்போது அவருக்கு அவசர வரிசையில் மூளைச்சாவுக் கல்லீரல் கொடுப்பீர்களா? கொடுத்தால், பட்டியலில் விதிக்குள் காத்திருந்தவரைத் தாண்டி, பின்வாசல் வழி. கொடுக்காவிட்டால், கொடையாளரின் தியாகம் மூன்று நாளில் முடிந்தது.

#16 வேர்முனை

இதற்கு எல்லோரும் ஏற்கும் பதில் இல்லை. சில இடங்களில் கொடுக்கிறார்கள், சில இடங்களில் முன்பே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். என் கருத்து: எது என்றாலும் அறுவைக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும், கொடையாளரும் அதைப் படித்திருக்க வேண்டும்.

அடைப்பையே குறைப்பது கையில் இருக்கிறது. கொடையாளர் தமனி 2 முதல் 3 மி.மீ. தமனித் தையலுக்கு மைக்ராஸ்கோப் கொண்டுவந்த பிறகுதான் அடைப்பு விகிதம் இறங்கியது. முதல் வாரம் தினம் இருமுறை டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்). தமனி அலை மங்கினால் காலையில் பார்த்துக்கொள்வோம் என்று விடாதீர்கள், உடனே சிடி, உடனே அரங்கு.

#17 ஒருங்கிணைப்பாளர்_மேசை

கொடையாளர் வீடு திரும்பியபின் என்ன என்பதை யாரும் எழுதவில்லை. வழக்கமான ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு.

மருத்துவமனையில் 5 முதல் 8 நாள். மேசை வேலைக்கு 4 முதல் 6 வாரம், உடல் உழைப்புக்கு 8 முதல் 12 வாரம். அதுவரை 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, தையல் பக்கத்தில் குடலிறக்கம் வரும். முதல் வாரங்களில் பாரசிட்டமால் அளவைக் குறைத்தே கொடுங்கள், வலி மாத்திரை இப்யூபுரூஃபன் வகை வேண்டாம். வீட்டுக்குப் போனபின் காய்ச்சல், வலது தோளில் வலி, மஞ்சள் கண் என்றால் பித்தக் கசிவாக இருக்கலாம். எம்ஆர்ஐயோ சிடியோ எடுத்து, தேவைப்பட்டால் வடிகுழாய், ஸ்டென்ட். பெரும்பாலும் மறு அறுவை இல்லாமல் அடங்கும்.

மீதிக் கல்லீரல் முதல் இரண்டு வாரத்திலேயே பெரும்பகுதி வளர்ந்துவிடும். பழைய அளவை நெருங்க மாதங்கள் பிடிக்கும். தட்டணு எண்ணிக்கை சிலருக்கு ஆண்டுக்கணக்கில் சற்றுக் குறைந்தே இருக்கும், நோய் என்று பயமுறுத்த வேண்டாம். 1 வாரம், 1, 3, 6, 12 மாதம், பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். நடைமுறையில் ஆறாம் மாதத்துக்குப் பிறகு பலர் வருவதில்லை. பயணச் செலவு, சம்பளமில்லா விடுப்பு என்று காரணங்கள் சாதாரணமானவை. கொடையாளருக்கு ஆதாயமும் கூடாது, இழப்பும் கூடாது என்ற விதியில் முதல் பாதியை மட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். விடுப்புக் கால சம்பளத்தையும் பயணத்தையும் ஈடுசெய்யும் திட்டம் இல்லாத மையம் எண்ணிக்கையை உயர்த்துவது பற்றிப் பேசக் கூடாது. நோயாளி இறந்துவிட்டால் கொடையாளரை அடுத்த நாளே மனநல ஆலோசகர் சந்திக்க வேண்டும். நடைமுறையில் நோயாளியின் கோப்பு மூடப்படும்போது கொடையாளரின் பதிவும் கூடவே மூடப்பட்டுவிடுகிறது.

#18 நைட்டூட்டி

புதுசா ஒரு சென்டர் தொடங்கணும்னா எதுல ஆரம்பிக்கணும் சார்?

#19 வேர்முனை

பெரிய கல்லீரல் வெட்டு அறுவைகளும் மூளைச்சாவு மாற்றும் தடையின்றி ஓடும் இடமாக இருக்க வேண்டும். குழு முழுதாக ஒரு பெரிய மையத்தில் பயிற்சி எடுக்கட்டும். மயக்க மருத்துவர், கதிர்ப்பட நிபுணர், ஐசியு செவிலியர் உட்பட. முதல் கேஸ்களுக்கு அனுபவமுள்ள அறுவையாளர் மேசையில் நிற்கட்டும். குழந்தைகளுக்கான இடது பக்கப் பகுதி, பிறகு வலது மடல். இந்த முறை வளர்ந்ததே அந்த வரிசையில்தான். 1988-ல் சாவ் பாவ்லோவில் முதல் முயற்சி, 1989-ல் பிரிஸ்பேனில் குழந்தைக்கு முதல் வெற்றி, பெரியவருக்கு 1993-ல் ஜப்பானின் ஷின்ஷுவில் இடது மடல், 1996-ல் ஹாங்காங்கில் நடுச்சிரையோடு வலது மடல்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் 2001-ல் ஆண்டுக்கு 500-ஐத் தாண்டியது. 2002 தொடக்கத்தில் ஒரு கொடையாளர் மரணம் செய்தியானது. எண்ணிக்கை சரிந்து, பல ஆண்டுகள் 300-ஐச் சுற்றியும் கீழேயும் கிடந்தது. பழைய உச்சத்தை மறுபடி எட்ட ஏறத்தாழ இருபது ஆண்டு பிடித்தது.

இன்னொன்று: கொடையாளர் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, வெட்டாமல் மூடிய கேஸ்கள் எத்தனை என்று எந்த மையத்தையும் கேளுங்கள். நூற்றுக்கணக்கில் செய்தும் பூஜ்யம் என்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

#20 ஏன்_எதற்கு

படத்தட்டு, #2-க்கு ஒரு திருத்தக் கேள்வி. உங்கள் 1.02 நடுச்சிரை எடுக்காத வலது மடல்தானே? அப்போது 5, 8-ம் பகுதிகளின் கிளைச் சிரைகள் வெட்டுப்பட்டு நிற்குமே. அதைக் கழித்தீர்களா?

#21 படத்தட்டு

கழிக்கவில்லை, சரியான பிடி. அந்தக் கிளைகள் வடிக்கும் பகுதி 140 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை மறுபடி இணைக்காவிட்டால் அது ரத்தம் தேங்கிக் கருநீலமாகிக் கிடக்கும். வேலை செய்வது 490 கிராம், விகிதம் 0.79. எனவே 5 மி.மீ.-க்கு மேற்பட்ட கிளை எல்லாவற்றையும் அறிக்கையில் எண் போட்டு, வெட்டு விளிம்பிலிருந்து தூரத்தோடு எழுதுகிறோம். பின்மேசையில் செயற்கைக் குழாயோ பதப்படுத்திய சிரையோ வைத்து ஒட்டிப் பெருஞ்சிரையில் சேர்ப்பார்கள். ரத்தம் திறந்ததும் அந்தப் பகுதி நிறம் மாறுகிறதா என்று கண்ணால் பார்க்கலாம், டாப்ளரில் ஓட்டமும் பார்க்கலாம். அந்தக் குழாய் முதல் இரண்டு வாரம் திறந்திருந்தால் பெரும்பாலும் போதும். அதற்குள் கல்லீரல் உள்வழியே வேறு வடிகால் தேடிக்கொள்ளும். இணைத்ததாக வைத்தால்தான் 1.02. #2-ல் அதை எழுதாமல் விட்டது என் தவறு.